ஒன்றேகால் மணி நேரம்

ஹரோ, லண்டன்
ஞாயிறு இரவு

அன்பு மச்சான் சிவா,

இங்கே எல்லோரும் சுகம். உன்னிடம் சுகம் விசாரிக்க இந்தக் கிழமை மனம் வரவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நான் பார்க்கவில்லை. பாரிஸில் செத்தவீட்டன்று உன்னைச் சுற்றி ஆட்கள் நின்றதால் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

விமான டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருந்ததை நம்பினேன். லண்டனிலிருந்து பாரிஸுக்கு நேர்கோட்டில் 344 கிலோமீட்டர்தானே. கொழும்பு யாழ்ப்பாண ரயில் பாதையே ஏறத்தாழ 400 வருகிறது. பொன்னுத்துரை வாத்தியார் அட்லஸில் நூல் பிடித்து அளக்கச் சொல்வாரே, அந்தத் தூரம்தான் இது. விமானம் வானத்தில் நிற்பது முக்கால் மணி, மிஞ்சினால் ஐம்பது நிமிடம். மற்றதெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் வாசல் தேடி ஊர்வதும்.

காலை ஆறரைக்கு வீட்டுக் கதவைப் பூட்டினேன். விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். காரணம் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாரிஸ் நேரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது, அதுவும் என் கையை விட்டுப் போனது. பிறகு கடவுச்சீட்டு வரிசை, பிறகு 25 கிலோமீட்டர் ரயில். மண்டபத்துக்கு நான் ஓடிவந்தபோது நாலேகால். எட்டே முக்கால் மணி நேரம், மச்சான்! மூன்று மணிக்கே எல்லாம் முடிந்திருந்தது. நீ வெறுங்காலோடு கார்ப்பெட்டில் நின்றாய். வேட்டிக் கரையில் மஞ்சளாகச் சுண்ணப்பொடி ஒட்டியிருந்தது. அடுத்த குடும்பத்தின் பூக்களை உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

குகன் அன்று இரவே திட்டினான், ரயிலில் வந்திருக்கலாமே என்று. அவன் சொன்னது சரி. லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் ஏறினால் பாரிஸின் கார் டு நோர்ட் நிலையம் வரை வேகமான வண்டிக்கு இரண்டே கால் மணி நேரம். இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் ஏறுமுன்பே முடிந்துவிடுகிறது. 1994இல் திறந்த சுரங்கம், கடலடியில் மட்டும் 38 கிலோமீட்டர். இறங்கி நடந்தால் பத்து நிமிடத்துக்குள் லா சப்பல், உன் வீட்டுத் தெரு. விமானம் ரயிலை விட வேகம் என்ற ஒரே எண்ணத்தில் இதை யோசிக்காமல் விட்டேன்.

நீயும் சும்மா இல்லை. ஆறு வருடத்தில் ஒரே ஒருமுறை லண்டன் வந்தாய், அதுவும் குகனின் கல்யாணச் சாப்பாட்டுக்கு! அம்மாதான் ஒவ்வொரு தொலைபேசியிலும், "லண்டன் பக்கத்திலைதானே, தம்பி, வந்திட்டுப் போவன்" என்பார். அடுத்த மாதம் அம்மா, அடுத்த மாதம் அம்மா என்று நான்கு வருடம் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முதல்நாளே ரயிலில் வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். நிலையத்துக்கு நீ வராதே, நடந்தே வந்துவிடுவேன். அம்மாவின் வெற்றிலைத் தட்டத்தை அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்,
ரவி