விளக்கும் குடமும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்திருக்கிறாள். போன கிழமை கேட்டாள்: "அம்மப்பா, இலங்கையில் சர்வசன வாக்கெடுப்பு ஒரேயொரு முறைதான் நடந்ததாமே, நீங்கள் போட்டீர்களா?" அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

1982 டிசம்பர் 22. ஞாபகம் இருக்கும் உனக்கு. பொதுத்தேர்தல் வைக்காமல், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தையே 1989 ஓகஸ்ட் வரை இழுக்கலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். 1977இல் எங்கள் இருவருக்கும் வயது காணாது. நான் போட்ட முதல் புள்ளடியே குடத்துக்குத்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் போட்டோம். நாடு முழுக்கப் பார்த்தால் 54.66 வீதம் விளக்குக்கு. பாராளுமன்றத்தின் காலத்தை நீடிக்கும், யாப்பின் நான்காவது திருத்தம் சட்டமாகிவிட்டது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதுதான் பிள்ளைக்கு விளங்கவில்லை. ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன இரண்டு மாதம் முன்னர்தான் ஜனாதிபதித் தேர்தலில் வென்றிருந்தார். 1977இல் அவர் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்திருந்தது. ஆனால் அவரே கொண்டுவந்த 1978 யாப்பின் விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மிஞ்சியிருக்காது. யாப்பை நினைத்தபடி திருத்தும் பலமும் போயிருக்கும். சொந்தக் கட்சி உறுப்பினர்களிடமே திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்திருந்தவர் அதற்கு விடுவாரா?

எல்லாம் யாப்பில் சொன்ன முறைப்படி நடந்தது, மச்சான். அதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. வாக்குப்பெட்டியை வைத்தே அடுத்த வாக்குப்பெட்டியை ஆறு வருடத்துக்குப் பூட்டினார்கள்.

அப்புறம் 1983இல் கறுப்பு யூலை, தமிழருக்கு எதிரான அந்தக் கலவரம். அடுத்த மாதமே ஆறாவது திருத்தம். தனிநாட்டைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். போருக்கு வேர்கள் பல, ஒரு திருத்தத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்ட மாட்டேன். ஆனால் 1983இல் ஒரு பொதுத்தேர்தல் நடந்திருந்தால், கோபத்தோடு நின்ற பெடியளுக்கு வாக்குச்சீட்டு என்று ஒன்றாவது கையில் இருந்திருக்கும். தெற்கில் நின்ற சிங்களப் பெடியளுக்கும்தான்.

2010இல் 18ஆவது திருத்தம் ஜனாதிபதியின் இரு தவணை வரம்பை நீக்கியபோது மக்களிடம் கேட்கக்கூட இல்லை. அவசர சட்டமூலம் என்று கொண்டுவந்து 161 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். 2015இல் அந்த வரம்பு திரும்பி வந்தது, சரி.

பாராளுமன்றத் தேர்தல் ஒன்றில் முதன்முதலாக வாக்களிக்கும் வாய்ப்பு வந்தபோது, 1989 பெப்ரவரியில், எனக்கு 29. அதைச் சொன்னதும் பேத்தி கொப்பியை மூடிவிட்டு என்னையே பார்த்தபடி இருந்தாள்.

இதைப் பற்றித்தான் ஒப்படை எழுதப்போகிறாளாம். அந்த நாளில் உங்கள் ஊர் வாக்களிப்பு நிலையத்தில் நீ கண்டதையெல்லாம் எழுதி அனுப்பு. சின்ன விஷயம் என்று எதையும் விடாதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்