அந்த 30 தாய்மார்களை முன்னிட்டு, செவிலியர் ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு மடல்

செவிலியர் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. ஆய்வுகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 17 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் உங்கள் மாணவிகள் எங்களிடம் வருகிறார்கள். வெள்ளைக் கோட்டும் வினாத்தாள் கட்டுமாக வாசலில் தயங்கி நின்று, "சிஸ்டர், டேட்டா எடுக்க வந்திருக்கிறோம்" என்பார்கள். நான்கைந்து வாரம் இருப்பார்கள். பிறகு வர மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நானும் அப்படி ஒரு வாசலில் நின்றவள்தான்.

என் ஆய்வைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் தாய்மார்களுக்குத் தசைத் தளர்வுப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் கற்றுத் தந்தால் பதற்றம் குறைகிறதா என்று பார்த்தேன். மொத்தம் 60 தாய்மார்கள். 30 பேருக்குப் பயிற்சி. மற்ற 30 பேர் கட்டுப்பாட்டுக் குழு, அவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பதற்றத்தை மறுபடி அளக்கும் பின்தேர்வு முடிந்ததும் இவர்களுக்கும் அதே பயிற்சியைக் கற்றுத் தருவேன் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியது, புள்ளியியல் கணக்கு பாக்கி, பைண்டிங் பாக்கி. அந்த 30 பேரிடம் நான் திரும்பிப் போகவே இல்லை.

அவர்களில் ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. மடியில் ஐந்து வயது மகள், கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் கழன்றுவிடாமல் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் நான் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். எல்லாவற்றுக்கும் 'மிக அதிகம்' என்ற கடைசிக் கட்டத்தையே சொன்னார். முடிந்ததும் தாளை விரலால் தொட்டு, "இதைப் பார்த்துவிட்டு யாராவது வந்து என்னிடம் பேசுவார்களா?" என்று கேட்டார். "பேசுவார்கள் அம்மா" என்றேன். அந்தத் தாளைப் பார்க்கப் போவது நான் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும்.

பின்தேர்வுக்குப் போன நாளில் அந்தக் கட்டிலில் வேறு குழந்தை இருந்தது. தாய் பாதியிலேயே பிள்ளையை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். என் குறிப்பேட்டில் 'விலகியவர்' என்று எழுதிவிட்டு, எண்ணிக்கை குறையாமல் இருக்க இன்னொரு தாயைச் சேர்த்துக்கொண்டேன். ஆய்வேடு பொன்னெழுத்துடன் கெட்டி அட்டையில் வந்தது. வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள்.

ஆசிரியர்களே, நான் 'விலகியவர்' என்று எழுதிய அந்தச் சொல்லுக்குப் புற்றுநோய் வார்டில் வேறு பொருள் உண்டு. லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டரை ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை சிகிச்சை நீளும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 விழுக்காடுகூட இல்லை. தாமதமான நோயறிதல், மருந்துத் தட்டுப்பாடு ஆகியவற்றோடு, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் அதற்கு ஒரு காரணம். 2030க்குள் 60 விழுக்காடு குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் அந்த நிறுவனம் இலக்கு வைத்தது. மருந்துச் செலவைக் காப்பீடு ஏற்றாலும் பயணமும் கூலி இழப்பும் இருக்கின்றன. ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த இன்னொரு பிள்ளை இருக்கிறது. "நீ பார்த்துக்கொள்ளாததால்தான் இப்படி வந்தது" என்று சொல்லும் உறவினர் இருக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்து ஒரு தாயை முறித்துப்போடும். அவர் பையைக் கட்டும் நாளுக்கு முன்பே அந்த முறிவு வினாத்தாளில் தெரிந்துவிடுகிறது. என் தாளில் தெரிந்தது.

பதற்றத்தை அளக்கப் பல மாணவிகள் கொண்டுவருவது 1983இல் வெளியான, 14 கேள்விகள் கொண்ட 'மருத்துவமனைப் பதற்ற, மனச்சோர்வு அளவுகோல்'. நல்ல கருவிதான். ஆனால் அதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். பயத்தில் வயிறு கலங்குவதைப் பற்றி அதில் ஒரு கேள்வி உண்டு. ஆங்கிலத்தில் அதைப் பட்டாம்பூச்சியை வைத்துச் சொல்லியிருப்பார்கள். ஒரு மாணவியின் தாளில் அப்படியே, 'வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறப்பது போன்ற உணர்வு' என்று இருந்தது. விழுப்புரம் பக்கத்துத் தாய் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, குழந்தைக்கு வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள் என நினைத்துக்கொண்டு, "போன மாதம்தான் பூச்சி மருந்து கொடுத்தோம்" என்றார். மாணவி 'இல்லை' என்று குறித்துக்கொண்டாள்.

அதே தாய் முந்தைய இரவு என்னிடம், "கவுண்ட் ரிப்போர்ட் வரும் வரைக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது சிஸ்டர்" என்று சொல்லியிருந்தார். கவுண்ட் என்பது ரத்த அணுக்களின் எண்ணிக்கை.

நம் மக்களிடம் இதற்குச் சொல்லா இல்லை? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்கிறார்கள். சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை, நெஞ்சை அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, மனசு ஒரு நிலையில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு. 'வயிற்றைப் பிசைகிறது' என்பவரை நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். 'எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை' என்பவரிடம் அன்றிரவே போய் உட்கார வேண்டும். வார்டில் பழகியவர்களுக்கு இது தெரியும். தமிழ் மொழிபெயர்ப்புக்கும், அதை ஆங்கிலத்துக்குத் திருப்பிச் சரிபார்க்கும் மறுமொழிபெயர்ப்புக்கும் சான்றிதழ் வாங்கி இணைக்கிறோம். அந்தத் தாளைக் கட்டிலோரம் இருக்கும் பத்துத் தாய்மார்களிடம் வாசித்துக் காட்டி, "இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கச் சொல்லி எத்தனை பேர் மாணவிகளை அனுப்புகிறீர்கள்?

குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பமானது. ஆறு முகங்கள் வரைந்த வலி அளவுகோலை எல்லோரும் அறிவோம். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் செவிலியர் டோனா வோங். 1980களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், தீக்காயப் பிரிவுக் குழந்தைகளுக்காக, கோனி பேக்கர் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். வெற்று வட்டங்களைக் குழந்தைகளிடம் கொடுத்து, வலியில்லாத முகம் முதல் மிகுந்த வலியுள்ள முகம் வரை அவர்களையே வரையச் சொன்னார்கள். இன்று உலகம் முழுவதும் புழங்கும் ஒரு கருவி கட்டிலோரத்தில், குழந்தைகளின் கையிலிருந்து பிறந்தது. செவிலியர் ஆய்வு என்றதும் என் நினைவுக்கு வருவது இதுதான்.

ஆனால் அது வலிக்கான அளவுகோல். பயத்தை அளக்கவும் அதையே நீட்டுகிறோம். முதுகு ஊசிக்காகக் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்த ஏழு வயதுப் பையனிடம் ஒரு மாணவி அட்டையைக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்த வலியை அக்கா கேட்கிறீர்கள்? இப்போது இருப்பதா, உள்ளே கூப்பிட்டதும் வருவதா?" என்றான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. அவன் சொன்னதை அன்று தனித்தாளில் எழுதி வைக்கச் சொன்னேன். அவளுடைய ஆய்வேட்டில் அது இடம்பெற்றதா என்பது எனக்குத் தெரியாது. ஏனென்றால் எந்த ஆய்வேடும் வார்டுக்குத் திரும்பி வந்ததில்லை.

நியூயார்க்கில் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் காட்டிய வழியில் 1990களில் ஓர் எளிய கருவி வந்தது. தாளில் ஒரு தெர்மாமீட்டர் படம், 0 முதல் 10 வரை எண்கள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மன உளைச்சல் எவ்வளவு என்று நோயாளியே குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான். மனநோய் என்று சொன்னால் மக்கள் ஒதுங்குவார்கள் என்பதற்காகவே 'உளைச்சல்' என்ற கூச்சமில்லாத சொல்லைத் தேர்ந்தார்கள். கனடாவில் 2004இல் இதை ஆறாவது உயிர்க்குறியாக ஏற்றுக்கொண்டார்கள். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வலி ஆகியவற்றோடு உளைச்சலும். காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் எங்கள் டி.பி.ஆர். சார்ட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்க முடியாதா? 38 டிகிரியைத் தொட்டால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுகிறோம். தாயின் உளைச்சல் 9 என்றால் அதைப் பரணில் கட்டி வைக்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். முன்தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வந்தால், தாயின் ஒப்புதலோடு அன்றே வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திலும் எழுதுங்கள். அதற்கான ஒப்புதலை முதலிலேயே படிவத்தில் வாங்கிவிடலாம். ஆய்வு கெட்டுவிடும் என்று சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். உதவி கிடைத்தவர் என்று குறித்துக்கொண்டு கணக்கிடுங்கள். அல்லது கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். அவரை உதவியிலிருந்து விட்டுவிடாதீர்கள். கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பிறகே ஆய்வேட்டில் கையெழுத்திடுங்கள். முடிவை ஒரே பக்கத்தில், தமிழில், எங்கள் அறிவிப்புப் பலகைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, எனக்கு நெருக்கமான ஆசை. ஆண்டுக்கு ஒரு புதுத் தலைப்பு தேடாதீர்கள். ஒரு மாணவி விட்ட இடத்திலிருந்து அடுத்தவள் தொடரட்டும். நோய் தெரிந்த வாரத்தில் தாய் எப்படி இருக்கிறார், முடி கொட்டும்போது எப்படி, ஸ்டீராய்டு நாட்களில் பிள்ளை நள்ளிரவில் சோறு கேட்டு அழும்போது எப்படி, கடைசி மருந்து முடிந்த நாளில் எப்படி? அந்தக் கடைசி நாளில் சிரிப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "இனிமேல் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்களே" என்று பலர் அன்றுதான் அதிகம் அழுகிறார்கள். நான்கைந்து வார ஆய்வில் இது அகப்படாது. மூன்று மாணவிகள் மூன்று ஆண்டு கைமாற்றிக்கொண்டு வந்தால் அகப்படும்.

வார்டில் ஆள் பற்றாக்குறை உண்டு, எங்களுக்கு நேரமில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பிற்பகல் 3 மணிக்கு மருந்துச் சுற்று முடிந்து, பிள்ளைகள் தூங்க, தாய்மார்கள் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மாணவிகளை அந்த நேரத்தில் அனுப்புங்கள். முதல் நாள் வினாத்தாள் வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்காரட்டும். இரண்டாம் நாள் கொண்டுவரும்போது ஒரு பிரதி கூடுதலாக எடுத்துவரச் சொல்லுங்கள். அதைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய் வார்டுச் செவிலியர் ஒருவர்