ஹெலிகாப்டர் ஓட்டப்போகும் மகளுக்கு

அன்பு அம்மணிக்கு,

விமானப்படையில் ஹெலிகாப்டர் பிரிவு ஒதுக்கிவிட்டார்கள் என்று நீ சொன்னபோது குரலில் சுரத்தே இல்லை. போர் விமானத்துக்குத் தேறாதவர்கள்தான் அங்கே போவார்கள் என்று யாரோ பேசினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு குரூப் கேப்டன் வருண் சிங் நினைவாகவே இருக்கிறது.

அவர் போர் விமானிதான். 2020 அக்டோபரில் தேஜஸ் போர் விமானத்தில் பறந்தபோது, நல்ல உயரத்தில் காக்பிட்டின் காற்றழுத்தம் போய்விட்டது. கீழே கொண்டுவரும்போது கட்டுப்பாட்டு அமைப்பும் கைவிட்டது. குதித்துத் தப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அதற்காக 2021இல் சௌர்ய சக்ரா என்ற வீர விருதை அறிவித்தார்கள். விருது அறிவித்த மறுமாதம், தான் படித்த சண்டிமந்திர் பள்ளியின் முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கூட இருந்தவர்களால்தான் விருது கிடைத்தது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்காக அதில் எழுதியதுதான் என் மனதில் நிற்கிறது. தான் படிப்பில் சராசரி, விளையாட்டிலும் அப்படியே, சராசரியாக இருப்பதில் தவறில்லை, மனசுக்குப் பிடித்த வேலையைக் கண்டுபிடித்து அதில் முழுதாக இறங்குங்கள் என்று எழுதியிருந்தார். வீர விருதுக்குத் தேர்வான மனிதர் அப்படி எழுதியதுதான் எனக்குப் பெரிய வீரமாகத் தெரிகிறது.

அதே வருடம் டிசம்பர் 8, உனக்கே தெரியும். வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பணியிலிருந்த அவர், முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தை அழைத்துவர சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தது எம்ஐ-17 ரக ஹெலிகாப்டரில், மொத்தம் பதினான்கு பேர். குன்னூரை அடுத்த காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரம் என்ற ஊரில் அது விழுந்தது. அந்த ஊர்க்காரர்கள் குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் கொண்டு ஓடினார்கள், வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்தார்கள். பதின்மூன்று பேர் அன்றே போய்விட்டார்கள். இவர் மட்டும் தீக்காயத்தோடு ஒரு வாரம் போராடினார். பெங்களூரு விமானப்படை மருத்துவமனையில் 15ஆம் தேதி உயிர் பிரிந்தது. நம் குன்னூரில் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை.

இயந்திரக் கோளாறோ சதியோ அலட்சியமோ இல்லை என்றது விசாரணை. பள்ளத்தாக்கில் திடீரென்று வானிலை மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையும் நிலையும் குழம்பி, மலையில் மோதியது என்றார்கள். பிறகு நாடாளுமன்றக் குழு அறிக்கையில் "மனிதத் தவறு" என்று மட்டும் வந்தது. எனக்கு அது போதாத வார்த்தையாகப் படுகிறது. பர்லியார் பக்கமிருந்து ஏறும் மஞ்சு கண் மூடித் திறப்பதற்குள் எதிர்மேட்டையே விழுங்கிவிடுவதை நீயும் நானும் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! மேகத்துக்குள் காதும் உடம்பும் பொய் சொல்லும், கருவியைத்தான் நம்ப வேண்டும் என்று உங்களுக்குப் பாடமே இருக்கிறதாமே. அந்தப் பாடத்தில் மட்டும் சராசரியாக இருந்துவிடாதே.

வெள்ளத்தில் மாட்டியவர்களுக்கும், பனிமலை முகாமில் சோற்றுக்கும் மருந்துக்கும் காத்திருப்பவர்களுக்கும் வந்து சேர்வது ஹெலிகாப்டர்தான். அதை யார் மட்டமாகப் பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆனால் அம்மணி, முன்னால் மேகம் அடைத்தால் திரும்பிவிடு. பின்னால் எவ்வளவு பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் சரி, கூச்சப்படாமல் சொல்லிவிட்டுத் திரும்பு.

ஹக்கீம்பேட்டை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிக்கு எப்போது போகிறாய் என்று எழுது. அம்மா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறாள், உன் கூட்டாளிகளுக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
அப்பா