பங்காளிச் சண்டையில் முடிந்த படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் நெல்லையின் பழைய தியேட்டர்கள் பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை படித்தேன். எம்.ஜி.ஆர். படத்துக்கு வந்த கூட்டம், சிவாஜி படத்துக்குக் கட்டிய தோரணம், இடைவேளை முறுக்கு எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் ஞாயிறு காலைக் காட்சிக்கு ஒரே ஒரு வரி. "மலிவான ரப்பர் பொம்மைப் படங்களும் ஓடின" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார் கட்டுரையாளர். காட்ஸில்லா மாதிரி ராட்சத மிருகங்கள் ஊரை மிதிக்கும் ஜப்பான் படங்களைத்தான் அப்படிச் சொல்கிறார். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் டவுனில் வாகையடி முக்குக்குப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவன். 1972-இல் எனக்குப் பதினொரு வயது. அப்போது எங்களுக்கு அது பொம்மைப் படமும் இல்லை, ஜப்பான் படமும் இல்லை. இங்கிலீஷ் படம். ஆச்சி தரை டிக்கெட்டுக்கு 35 காசு தருவதே, "இங்கிலீசு படம் பாத்தா பயலுக்கு இங்கிலீசு வரும்" என்ற நம்பிக்கையில்தான். திரையில் வாய் ஒரு பக்கம் அசையும், வார்த்தை வேறொரு பக்கம் வரும். வெள்ளைக்காரன் அப்படித்தான் பேசுவான் போல என்று விட்டுவிட்டோம். அமெரிக்காக்காரர்கள் வாங்கி இங்கிலீஷில் குரல் கொடுத்து அனுப்பிய ஜப்பான் படங்கள் அவை என்று தெரிய எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. ஆச்சி நம்பிய இங்கிலீஷ் இன்றுவரை வரவில்லை.

காலைக் காட்சிக்குக் கூட்டம் நன்றாக வந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை மேட்னிக்கும் அதே படம்தான். வெள்ளிக்கிழமையே மாட்டுவண்டியில் தட்டி கட்டி, கொட்டடித்து, ரோஸ் கலர் நோட்டீஸ் வீசிக்கொண்டு ரதவீதியைச் சுற்றி வருவார்கள். அந்த நோட்டீஸுக்காகச் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

எனக்கு மறக்காதது கிடோரா என்ற மூன்று தலை ராட்சத மிருகம் வந்த படம். 1964-இல் எடுத்தது. வானத்திலிருந்து வந்து ஊரை அழிக்கும் கிடோராவைத் துரத்த மோத்ரா என்ற புழு, காட்ஸில்லாவையும் ரோடான் என்ற பறவையையும் கூப்பிடும். மிருகங்கள் மூன்றும் கூடிப் பேசும். அதை விரல் உயரமுள்ள இரண்டு பெண்கள் மனிதர்களுக்குச் சொல்லுவார்கள். எங்களுக்கு அது ஒரு வார்த்தை புரியாது. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடும் அண்ணன் ஒருவர், கடைசி சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களோடு தரையில் வந்து உட்காருவார். காட்ஸில்லா உறுமியதும் அவர் சத்தமாகச் சொன்னார்: "ஏலே, நம்மளக் கண்டா வெடி போட்டு வெரட்டுத பயலுவளுக்கு நாம எதுக்குலே ஒத்தாச செய்யணும்?" தியேட்டரே சிரித்தது. போன வருஷம் பேரன் போனில் அந்தப் படத்தைப் போட்டு, கீழே ஓடிய எழுத்தை எனக்குத் தமிழில் சொன்னான். மனிதர்கள்தான் எப்போதும் எங்களுக்குத் தொல்லை கொடுக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் உதவ வேண்டும் என்றுதான் காட்ஸில்லா உண்மையிலேயே சொல்கிறது. இங்கிலீஷ் படிக்காத அந்த அண்ணன் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. தியேட்டர் பெயர் வேண்டாம், இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியாயிற்று. ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து கிடோராவை ஓட ஓட விரட்டியதை முதலில் பார்த்தோம். அதற்கு அப்புறம்தான் காட்ஸில்லாவும் ரோடானும் ஒன்றையொன்று பாறாங்கல்லால் அடித்துக்கொள்ளும் ரீல் வந்தது. வெளிச்சம் போட்டு எழுப்பிவிட்டார்கள். எங்களில் ஒருவனுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எதிரி போகும்வரை ஒற்றுமை, போனதும் பங்காளிச் சண்டை. எங்கள் தெருவில் பாகம் பிரித்த இரண்டு வீட்டில் அதைத்தானே தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம்? ஐம்பது வருஷமாக அந்தப் படத்தின் முடிவு அதுதான் என்று நினைத்திருந்தேன். "தாத்தா, நீங்க சொன்ன மாதிரி முடியலையே" என்று பேரன் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒழுங்கான முடிவில் மோத்ரா கடலில் ஊர் திரும்ப, மற்ற இரண்டும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊர் ஆபரேட்டர் போட்ட முடிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி அந்த "ரப்பர் பொம்மை" விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குத் தொழில்முறையில் கோபம் உண்டு.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு முப்பது வருஷமாக உடை தைக்கிறேன். காளி, குரங்கு, கரடி எல்லாம். ஒரு தடவை கரடி உடையை அளவு பார்க்க நானே மாட்டி நின்றேன். ஐந்து நிமிஷத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. 1954-இல் வந்த முதல் காட்ஸில்லாவுக்கு முதலில் செய்த உடை சுமார் 100 கிலோவாம். உள்ளே இருந்தவர் ஹருவோ நகாஜிமா. அதில் சரியாக நடக்க முடியாமல் போக, அப்புறம் செய்த இலேசான உடையை விளக்குச் சூட்டில் போட்டுக்கொண்டு நடந்து, சின்னச் சின்னதாகக் கட்டிய டோக்கியோவை மிதித்திருக்கிறார். 1972 வரை அந்த வேஷத்தை விடவில்லை. முதுகில் வரிசையாக நிற்கும் செதில்களைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆள் உள்ளே போகிற வழி அங்கேதான். தையல்காரன் கண்ணுக்கு அது நல்ல வேலை.

அந்தக் காட்ஸில்லா படத்துக்குத் தந்திரக் காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயாதான் பின்னால் தனியாகக் கம்பெனி வைத்து, 1966-இல் டி.வி.க்கு மிருகங்களோடு சண்டை போடும் அல்ட்ராமேன் என்ற ராட்சத வீரனைக் கொண்டுவந்தவர். என் பேரனுக்கு அல்ட்ராமேன் என்றால் சோறு வேண்டாம். மூன்று நிமிஷத்துக்கு மேல் பூமியில் தாக்குப்பிடிக்க மாட்டான், நெஞ்சில் விளக்கு சிவப்பாக மின்னும் என்று எனக்கே பாடம் எடுக்கிறான். அதில் ஜிராஸ் என்று ஒரு மிருகம் வருகிறது. பழைய காட்ஸில்லா உடைக்குக் கழுத்தில் விசிறி மாதிரி ஒன்றை வைத்துத் தைத்ததுதான் அது. உள்ளே இருந்ததும் அதே நகாஜிமா. போன வருஷக் காளிக்குத் தைத்த ஜிகினாவைப் பிரித்து இந்த வருஷம் இன்னொரு வேஷத்துக்கு வைக்கிற நான் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவள் ஊர் உவரிப் பக்கம், கடற்கரை. காட்ஸில்லா எப்படிப் பிறந்தது என்று பேரன் ஒரு நாள் படித்துச் சொன்னபோது அவள்தான் அதிகம் கேட்டாள். 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. 23 பேர் இருந்தார்கள். ரேடியோ பார்த்தவர் செப்டம்பரில் இறந்துபோனார். பிடித்து வந்த சூரை மீனைச் சந்தையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்த நவம்பரில்தான் முதல் படம் வந்தது. அதன் தொடக்கத்திலும் கடலில் போகிற கப்பல் ஒளி பட்டு எரியும். "மீனைப் புதைச்சாங்களா?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். கூடங்குளம் பற்றிப் பேச இந்தக் கடிதம் எழுதவில்லை, அதனால் இதோடு விடுகிறேன். மலிவான படம் என்று எழுதுகிறவர் அந்த முதல் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

2024-இல் புதுக் காட்ஸில்லா படம் ஒன்றுக்குத் தந்திரக் காட்சிக்காக ஆஸ்கார் கொடுத்தார்கள். எனக்குப் பாதி சந்தோஷம்தான். அதில் உள்ளே ஆள் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ரோஸ் கலர் நோட்டீஸ் ஒன்றாவது வாசகர்கள் யாரிடமாவது பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கக்கூடும். மூன்று தலைப் படம் போட்டதாக இருந்தால் விசேஷம். கடைக்குக் கொண்டுவந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறேன். வருகிறவருக்கு ஒரு டீயும், ஒரு பேண்டுக்கு ஆல்டர் கூலியும் என் கணக்கு.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருநெல்வேலி டவுன்.