கூடைப்பந்தா, வாலிபாலா?

அன்புள்ள மகளுக்கு,

எதில் சேரட்டும் என்று போனில் கேட்டாய். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். வேலை விட்டால் அறை என்று இருக்கிறவள், நாலு பேரோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்று நீயாகவே சொன்னதில் எனக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு சந்தோஷம்.

இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. குளிர்காலத்தில் உள்ளரங்கில் விளையாட 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். வயதில் மூத்தவர்களுக்கு அந்த ஓட்டமும் இடியும் தாங்காது என்று 1895-ல் வில்லியம் மார்கன் நடுவில் வலையைக் கட்டி வாலிபாலைக் கொண்டுவந்தார். அந்த வித்தியாசம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கூடைப்பந்தில் ஒரு பெரிய வசதி, தனியாகவே பழகலாம். ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். ஆனால் ஆட்டம் என்று இறங்கினால் புதிதாக வந்தவர்கள் பாடு கஷ்டம். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பதால், நம்பிக்கையான கைக்குத்தான் பந்து போகும். யார் மேலும் தப்பில்லை. ஆனாலும் 28 மீட்டர் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடிவிட்டு, பந்தைத் தொடாமலே வீடு திரும்புகிற நாட்கள் வரும்.

வாலிபாலில் அது நடக்காது. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது, மூன்று தொடலுக்குள் பந்து வலையைத் தாண்ட வேண்டும். எதிரணியிடமிருந்து சர்வீஸ், அதாவது பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் முறை, உங்களுக்குத் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் ஓர் இடம் நகர்வீர்கள், அதனால் உன் சர்வீஸும் வந்தே தீரும். ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. புதுசு என்று தெரிந்தால் உன்னைப் பார்த்தே சர்வீஸ் போடுவார்கள். அதற்குப் பயப்படாதே. கை வீசாமல், முழங்கையை நீட்டி, இரண்டு கட்டைவிரலும் பக்கம் பக்கமாக இருக்கும்படி கையைச் சேர்த்து, பந்து வருவதற்கு முன்னாலேயே அதன் அடிக்குப் போய் முழங்காலை மடக்கி நில். கை சும்மா இருக்கட்டும், கால் வேலை செய்யட்டும். முதல் சில வாரம் பந்து பட்டு முன்கை சிவக்கும், அப்புறம் பழகிவிடும்.

இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புது அணிகளில் நிறையப் பந்து இரண்டு பேருக்கு நடுவில்தான் விழும். அவள் எடுப்பாள் என்று இவள், இவள் எடுப்பாள் என்று அவள். அதனால் பந்து வரும்போதே "எனக்கு!" என்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே நீ மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்பவள். அந்தச் சத்தம் உன் வாயிலிருந்து வருவதைக் கேட்க எனக்கு ஆசை.

ஆக, என் ஓட்டு வாலிபாலுக்கு. மனிதர்களைத் தேடித்தானே போகிறாய், அவர்கள் இல்லாமல் அந்த ஆட்டமே இல்லை. உயரம் பற்றி யோசிக்காதே. பெண்கள் ஆட்டத்தில் வலை 2.24 மீட்டர்தான், கூடைப்பந்து வளையமோ 3.05 மீட்டரில் இருக்கிறது. லிபரோ என்று ஓர் இடமும் உண்டு. வேறு நிற ஜெர்சியில் பின்வரிசையில் மட்டும் நின்று பந்து எடுப்பவர். குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்கு ஏற்ற இடம்.

இரண்டையும் ஒருமுறை ஆடிப் பார்த்து, கூடைப்பந்துதான் மனதுக்குப் பிடிக்கிறது என்றால் தாராளமாக அதில் சேர். எதுவானாலும் குதித்து இறங்கும்போது இரண்டு காலிலும் முழங்காலை மடக்கி இறங்கு. ஓட்டத்துக்கு வாங்கிய ஷூ வேண்டாம், பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போ.

முதல் நாள் போய் வந்ததும் உன்னை எந்த இடத்தில் நிற்கவைத்தார்கள் என்று மறக்காமல் சொல்.

அன்புடன்,
அப்பா