சுங்கை சிப்புட் மக்களுக்கு எங்கள் நன்றி

வணக்கம்.

இங்கே மலேசியாவில் கொரோனா முடக்கத்தால் வேலையில்லாமல் இருந்த என் கணவர், இந்த வாரம்தான் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். சம்பளம் கைக்கு வருமுன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அரிசி, மாவு, சார்டின் என்று வீடு தேடிக் கொண்டுவந்த கோயில் இளைஞர்கள், தடுப்பூசிக்கு மைசெஜாத்ரா செயலியில் எங்களைப் பதிந்துவிட்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வாடகையைக் கேட்காமலே இருந்த வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் கும்பிடு. அரசாங்க உதவித்தொகை குடிமக்களுக்குத்தான். ஐ.நா. அகதி அட்டையோடு இருக்கும் எங்களுக்கு உங்களை விட்டால் யார்?

மளிகைக்கடை அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடவே எழுத வேண்டும்.

2021 ஜூலையில், கஷ்டப்படுகிறவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக் கொடி கட்டுங்கள், பார்ப்பவர்கள் உதவுவார்கள் என்றார்கள். இலங்கையில் இருந்து வந்தவர்களுக்கு வெள்ளைக் கொடி என்றால் வேறு நினைவு வரும், அதை விடுங்கள். கொடியைப் பார்த்து உதவி வருமா, அதிகாரி வருவாரா என்ற பயம் வேறு. கட்டவில்லை. இருந்த சில்லறையைப் பொறுக்கிக்கொண்டு பிள்ளைக்குப் பால்மாவு வாங்கப் போனேன். சின்னப் பொட்டலம் கேட்டால் அண்ணன் பெரிய டின்னை எடுத்து வைக்கிறார். "காசு காணாது அண்ணா" என்றேன். மேசை லாச்சியில் இருந்து கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு, புது 555 புத்தகம் ஒன்றை எடுத்து, என் பெயரைக் கேட்டு அட்டையில் எழுதினார். "வேலை வந்ததும் கொடும்மா" என்றார், அவ்வளவுதான்.

இந்த ஊரில் 555 கணக்கு, தோட்டத்தில் தலைமுறையாக இருந்தவர்களுக்கு. அவர்கள் சம்பளத் தேதிகூடக் கடைக்காரருக்குத் தெரியும். நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விடக்கூடிய எங்களை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்? உதவியாக வந்த சாமான்களில்தான் வயிறு நிறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைத் தலைகுனிந்துதான் வாங்கினேன். அண்ணன் கடையில் நான் வாடிக்கைக்காரி. பருப்பு விலை ஏறியபோது சண்டைகூடப் பிடித்திருக்கிறேன்! கறிவேப்பிலையை மட்டும் அவர் கணக்கில் ஏற்றியதே இல்லை.

அண்ணா, பாக்கியை விட்டுவிடச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். அது மட்டும் நடக்காது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடுவோம். அந்தப் புத்தகத்தில் இன்னும் தாள் இருக்கிறது, தீபாவளிப் பலகாரத்துக்கு மாவும் எண்ணெயும் உங்களிடம்தான் எடுப்பேன்.