‘விஷச் சிலந்தி’ செய்திகளும் உடன் வரும் படங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் வீடுகளுக்குள் சிலந்திகள் கூடுதலாகக் கண்ணில் படும். அதையொட்டி, ‘விஷச் சிலந்தி கடித்துத் தோட்டத் தொழிலாளி மருத்துவமனையில் அனுமதி’ என்ற வகைச் செய்திகளும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வரத் தொடங்கும். செய்தி வருவதை நான் குறை சொல்லவில்லை. அதனுடன் அச்சாகும் படத்தைப் பற்றியே எழுதுகிறேன். எஸ்டேட் லைன் வீடொன்றில் கடித்ததாகச் சொல்லப்படும் சிலந்திக்குப் பதிலாக, அடிவயிற்றில் சிவப்பு அடையாளத்துடன் பளபளக்கும் வட அமெரிக்கக் கருப்பு விதவைச் சிலந்தியின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் மறுநாள் துடைப்பத்தால் அடித்துக் கொல்வதோ, கரப்பான் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவி செய்துகொண்டிருக்கும் வேட்டைச் சிலந்தியை.

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அதே கேமராவில், சிறியவற்றை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை மாட்டி, குளியலறைச் சுவரிலும் விறகுக் கொட்டகையிலும் இருக்கும் சிலந்திகளைப் படம் எடுத்து வருகிறேன். உலகில் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட சிலந்தி இனங்கள் 2022ஆம் ஆண்டில் 50,000ஐத் தாண்டின. மிகச் சில குடும்பங்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. ஆனால் மனிதனுக்குக் கேடு செய்யக்கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்க வகைகளே. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் வெறும் கண்ணுக்குப் பிடிபடாத அளவில் இருப்பதால்தான், ஒழுங்காக எடுக்கப்பட்ட ஒரு மேக்ரோ படத்துக்கு இவ்வளவு மதிப்பு.

கண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள் இருந்தாலும், அவை அமைந்திருக்கும் வரிசை குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடும். ஜன்னல் கம்பியில் திரியும் தாவும் சிலந்திக்கு முன்புறம் நடுவில் இரண்டு கண்கள் மட்டும் மிகப் பெரியவை. வேட்டைச் சிலந்தியின் முகத்தை நேரெதிரே இருந்து எடுத்தால், நான்கு நான்காக இரண்டு வரிசைக் கண்களும், அவற்றுக்குக் கீழே குறுக்காக ஓடும் வெளிர்மஞ்சள் பட்டையும் தெளிவாகத் தெரியும். தோலை அழுகச் செய்யும் என்று பலரும் அஞ்சும் பழுப்புத் துறவிச் சிலந்திக்கோ (brown recluse) ஆறே கண்கள், இரண்டிரண்டாக மூன்று இடத்தில் அமைந்தவை. அதன் அடையாளமாகச் சொல்லப்படும் பிடில் வடிவம் முதுகில் இருக்கிறதா என்று தேடுவதைவிட இந்தக் கண்களை எண்ணிப் பார்ப்பது நம்பகமானது. ஆனால் உருவம் அதன் உண்மை அளவிலேயே (1:1) கேமராவில் பதியும்படி நெருங்கி, லென்ஸின் துளை எண்ணை 11 (f/11) என்று வைத்து எடுத்தாலும் துலக்கமாக விழும் ஆழம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு; கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கால்கள் மங்கிவிடும். ஆகவே முகம், முதுகு, அடிப்பக்கம் என்று தனித்தனியாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றில் எல்லாரும் விட்டுவிடுவது அடிப்பக்கத்தைத்தான். இந்தியாவிலும் பதிவாகியுள்ள பழுப்பு விதவைச் சிலந்தி பிளாஸ்டிக் நாற்காலியின் அடி, பூந்தொட்டியின் விளிம்பு, மீட்டர் பெட்டியின் மூலை போன்ற இடங்களில் ஒழுங்கற்ற வலை பின்னித் தலைகீழாகத் தொங்கும். மேலிருந்து பார்த்தால் வரிவரியான கால்களுடைய ஏதோ ஒரு பழுப்புப் பூச்சி, அவ்வளவுதான். அடிவயிற்றில் இருக்கும் ஆரஞ்சு நிற மணற்கடிகை அடையாளமும், அருகில் தொங்கும் முள்முள்ளான முட்டைப் பையும் படத்தில் இருந்தால் மட்டுமே அடையாளத்தில் ஐயம் நீங்கும். தரையிலோ சுவரிலோ இருக்கும் சிலந்தியை வாயகன்ற கண்ணாடி டம்ளரால் மூடி, அடியில் ஒரு தடித்த அட்டையை மெல்ல நுழைத்து, பிறகு கண்ணாடியின் வழியே அடிப்பக்கத்தை எடுக்கலாம். பிளாஷை நேராக அடித்தால் கண்ணாடியிலும் சிலந்தியின் வழவழப்பான ஓட்டிலும் வெள்ளைத் திட்டு விழும். பக்கவாட்டில் வைத்து, முன்னால் சமையலறைப் பட்டர் பேப்பரை மடித்துக் கட்டினால் போதும். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலை வைப்பது நல்லது. நாணயத்தை வைப்பவர்கள் உண்டு. நம் ஒரு ரூபாய் நாணயமே பல அளவில் வந்துவிட்டதால் அதை நான் நம்புவதில்லை.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் என்றால் சிலந்திக்கும் லென்ஸுக்கும் இடையே அரைச் சாணுக்கும் கூடுதலான இடைவெளி கிடைக்கும். செல்போனில் மாட்டும் மலிவான கிளிப் லென்ஸோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை கையைக் கொண்டுபோகச் சொல்லும். வேட்டைச் சிலந்தியின் கால்களில் உள்ள மெல்லிய மயிர்கள் காற்றசைவை உணர்பவை; நம் மூச்சுப் பட்டாலே ஓடும், எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலந்தியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அந்தப் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்கு அதில் மதிப்பில்லை.

இத்தனையும் எதற்கு என்றால், தவறான படத்தால் வரும் தீங்கு சிலந்தியோடு நிற்பதில்லை. தேயிலைக் காட்டிலும் புதரோரத்திலும் வேலை செய்பவருக்குக் காய்ச்சலும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கும் வந்தால், அது ஒட்டுண்ணிப் பூச்சியின் குஞ்சுகளால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புண்டு. டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் குணமாகும்; ‘சிலந்தி கடித்ததுதான்’ என்று பச்சிலை பூசி நாளைக் கடத்தினால் உள்ளுறுப்புகளைத் தாக்கும். மழை விட்ட இரவுகளில் விளக்கைத் தேடி வரும் மெல்லிய கருப்பு ஆரஞ்சு வண்டு ஒன்று தோலில் நசுங்கினால் மறுநாள் கொப்புளம் எழும்; அந்தப் பழியும் எட்டுக்கால் பூச்சியின் மேல்தான் விழுகிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதங்களில் 2,055 பழுப்புத் துறவிச் சிலந்திகள் பிடிபட்டதையும், அங்கு வாழ்ந்த குடும்பத்தில் ஒருவருக்கும் விஷம் ஏறவில்லை என்பதையும் 2002இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. அந்தச் சிலந்தி மலிந்த ஊரிலேயே நிலைமை இதுவென்றால், இங்கே ஒவ்வொரு புண்ணையும் அதன் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்? கடித்ததைக் கண்ணால் கண்டவர், தெளிவான படத்துடன் மருத்துவரிடம் போனால் ஐயங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மையாகவே கடுமையான வலி தரும் சிலந்தியும் நம் மலைகளில் உண்டு. மரப்பொந்துகளில் வாழும் பெரிய மரச் சிலந்திகள் சில நேரம் காட்டோர வீடுகளுக்குள் வந்துவிடும். அவை கடித்தால் உயிருக்கு ஆபத்து இல்லையென்றாலும் தசைப்பிடிப்பு பல நாள் நீடிக்கக்கூடும். மிரட்டினால் முன்னங்கால்களைத் தூக்கி மஞ்சள் நிற அடிப்பக்கத்தைக் காட்டும். அந்தக் கோலத்தைப் படம் பிடிக்க ஆசைப்பட்டுக் குச்சியால் சீண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செல்லப் பிராணியாக விற்கப்படுவதால் இந்த வகை முழுவதும் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் (CITES) பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனவே, விற்பதற்காகப் பிடிப்பவர்களுக்கு இடம் தெரியாமல் இருக்க, இதன் படத்தை வெளியிடும்போது எஸ்டேட்டின் பெயரையும், செல்போன் தானாகவே படத்தில் பதித்துவிடும் இடக் குறிப்பையும் நீக்கிவிட வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சிலந்திக்கடிச் செய்தி வந்தால், கடித்த சிலந்தியை யாராவது படம் எடுத்தார்களா என்று நிருபரிடம் கேளுங்கள். படம் இருந்தால் சிலந்திகளை அறிந்த ஒரு விலங்கியல் ஆசிரியரிடமோ வனத்துறையிடமோ காட்டி, பெயர் உறுதியான பிறகு வெளியிடுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி படமில்லாமலே வரட்டும். ‘கோப்புப் படம்’ என்று சிறிய எழுத்தில் போடுவது வாசகர் கண்ணில் படுவதில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.